பால் வாடை

தூறல் விழுந்துகொண்டிருந்த காலை நேரத்தில், நான்கு கண்ணாடிகளையும் முழுக்க இறக்கிவிட்டபடி ஒரு டாக்ஸி வந்து நின்றது. ஓட்டிவந்த பெண்மணியின் ஒரு பக்கத் தோள் முழுவதும் நனைந்திருந்தது. அதைத் துடைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

"என்னக்கா, மழையே கழுவிக் கொடுத்திடுச்சு போலிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே கடைத் தம்பி வெளியே வந்தான்.

"வெளியில ஒண்ணும் இல்ல தம்பி. உள்ளதான். தலையை விட்டுப் பாரு."

அவன் தலையை உள்ளே விட்டான். விட்ட வேகத்திலேயே வெளியே எடுத்தான்.

"பால்!" என்றான். விடுகதைக்கு விடை கிடைத்த மாதிரி அவன் முகம் மலர்ந்தது. "திரிஞ்ச பால்! கொட்டி ஒரு வாரம் இருக்கும். சரியா?"

"சரிதான். அதுக்கு ஏன்பா உனக்கு இவ்வளவு சந்தோஷம்?"

"ஏன்னு சொல்றேன், உள்ள வாங்க. அண்ணீ! அந்தப் பாட்டிலுக்கு வேலை வந்துடுச்சு!"

தகரக் கூரையின் கீழ் இரண்டு கார்கள் நிற்கும் அளவுக்கு இடம். தரையில் தண்ணீர் ஓட ஒரு கால்வாய், சுவரோரம் ஒரு குழாய், மூலையில் நீராவி மெஷின். அவ்வளவுதான் கடை. நடத்துவது அண்ணி. அவள் கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள் அதிகம். அவருடைய தம்பிதான் கடையில் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை. காலையில் ஷட்டரைத் தூக்குமுன் அண்ணி கண்ணை மூடி, இன்று வருகிறவர்கள் மனம் நிறைந்து போகட்டும் என்று வேண்டிக்கொள்வாள். தண்ணீர், சோப்பு, நீராவி, கையில் தெம்பு, மேலே கடவுள். இவை ஐந்தும் இருந்தால் எந்த வண்டியும் சுத்தமாகும் என்பது அவள் கட்சி.

தம்பியின் கட்சி வேறு. எங்கே எந்தப் புதுச் சாமானைப் பார்த்தாலும் அவனுக்கு அதை வாங்கிவிட வேண்டும். கண்ணாடிக்கு ஒன்று, ரப்பருக்கு ஒன்று, சக்கரத்தில் ஒட்டிய இரும்புத் தூளைக் கரைக்க ஒன்று, நாய் முடியை வழித்தெடுக்க ரப்பர் பற்கள் வைத்த சீப்பு ஒன்று. எல்லாம் பின்சுவர் அலமாரியில் வரிசையாக நின்றன. அண்ணி அதற்குக் "கண்காட்சி" என்று பேர் வைத்திருந்தாள். தெருவில் அவனுக்குப் "பாட்டில் தம்பி" என்று பேர். விவரம் தெரியாத புது ஆட்கள், "சின்ன வயசு, இப்படி ஆயிடுச்சே" என்று உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள்.

"யாருக்குப்பா வேலை வந்துச்சு?" என்று அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அந்த என்சைம் பாட்டிலுக்கு அண்ணி. பாலு, முட்டை, வாந்தி, எது கொட்டினாலும் அந்தக் கறையையே தின்னு தீர்த்துடுமே, அது! வாங்கினப்போ எப்படித் திட்டினீங்க?"

"இப்பவும் திட்டுவேன். முதல்ல அவங்களை உக்காரச் சொல்லு. நனைஞ்சு போய் நிக்கறாங்க."

அண்ணி துண்டு கொடுத்தாள். டாக்ஸியக்கா தோளைத் துடைக்கவில்லை. துண்டை மடியில் வைத்துப் பிசைந்தபடி சொல்லத் தொடங்கினாள்.

அவளுடையது ஆஸ்பத்திரிக்கு ஓடும் வண்டி. சிறுநீரகம் பழுதாகி, ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வாரத்தில் பல நாள் வந்துபோகிறவர்களை வீட்டிலிருந்து கூட்டிவந்து, முடிந்ததும் வீட்டில் விடுவாள். அதில் தனியாக வசிக்கும் ஒரு வாத்தியார். ஒரு நாள் அவருக்குக் கடைக்குப் போகத் தெம்பில்லை. அவரை வீட்டில் இறக்கிவிட்டு, பால் பாக்கெட்டுகளை இவளே வாங்கிப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குத் திரும்பினாள். நடுவில் ஒரு சடன் பிரேக். பை உருண்டது. பாக்கெட் ஒன்று பிய்ந்தது.

"அப்பவே துடைச்சேன் தம்பி. சோப்புப் போட்டேன். காப்பித்தூள் வெச்சேன். சென்ட் அட்டை மூணு தொங்க விட்டேன். இப்ப சென்டும் பாலும் சேர்ந்து ஒரு புது வாடை வருது. சும்மாவே அவங்களுக்குக் குமட்டும். முந்தாநாள் ஒரு அம்மா பாதி வழியில இறங்கி உக்காந்துட்டாங்க. 'உன்மேல கோவம் இல்லடி, என் வயிறு கேக்கல'ன்னாங்க."

"ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"அந்த வார்டு சிஸ்டர் நல்லவங்க, ஆனா கறார். 'இன்னைக்கு ஷிஃப்ட் முடிச்சு நாலு மணிக்கு வருவேன். நானே உள்ள உக்காந்து, கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்ப்பேன். வாடை இருந்துச்சுன்னா நாளையிலிருந்து வேற வண்டி'ன்னுட்டாங்க. வேற வண்டிக்காரன் வாசல்ல ஹாரன் அடிப்பான். படியேறிப் போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவானா? எனக்குப் பொழப்பும் அதுதான், மனுஷங்களும் அவங்கதான்."

ஒரு நல்ல காரியம் செய்யப்போய் வந்த வாடை அது. உலகத்தில் எத்தனையோ கெட்ட காரியங்கள் சந்தன மணத்தோடு நடமாடுகின்றன. அதைப் பற்றி நாம் கடவுளிடம் கேட்கலாம். கேட்டுக்கொண்டு நிற்பதைவிட, ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து உதவுவது அவருக்குப் பிடிக்கும் என்று அண்ணி நினைப்பவள்.

"போன் போட்டு சிஸ்டரை இங்கயே வரச் சொல்லுங்க. வண்டி இங்கதான் நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

தம்பி பாட்டிலைக் குலுக்கினான். பின்சீட்டு, கால் வைக்கும் கம்பளம், கதவோரம் எல்லாம் தாராளமாக அடித்தான். "இது காயக் கூடாதுக்கா. ஈரமாவே சும்மா கிடக்கணும். அப்பதான் உள்ள இறங்கிப் பாலைத் தின்னும். மேல மூட ஈரத் துண்டு எடுத்துட்டு வர்றேன். யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் ஓடினான்.

அவன் சொன்ன நேரத்தில் அண்ணி உள்ளறையில் வாளி தேடிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வந்தபோது பின்சீட்டு சொதசொதவென்று இருந்தது. டாக்ஸியக்கா கூரைக்கு வெளியே நின்று, முதுகைக் காட்டியபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு மனசு பொறுக்கவில்லை. தன்னால் ஆனதைச் செய்வோம் என்று நீராவி மெஷினை இழுத்து வந்து, முழு வேகத்தில் திறந்து, பின்சீட்டின் மேல் ஓட்டினாள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

தம்பி ஈரத் துண்டோடு ஓடிவந்தான். "அண்ணீ!" என்று கத்தினான். அதற்குள் பாதிக்கு மேல் ஓட்டி முடித்திருந்தாள்.

"ஏன்டா கத்தறே?"

"சூடு காட்டக் கூடாது அண்ணி! சூடு பட்டா இந்த மருந்துக்குப் பசியே எடுக்காது. அடிச்சது அத்தனையும் வீண்."

ஆவியோடு பாலும் எழும்பியது. ஒரு வாரத்துப் பால், புதுத் தெம்போடு. எதிர்க்கடைத் தையல்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். தெருவில் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தங்கச்சி, பால் காய்ச்சறீங்களா? அடிப் பிடிச்சிடுச்சு போலிருக்கே!"

வேறு நாளாக இருந்தால் அண்ணி பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். இன்று மெஷினின் குழாயைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். "நான்தான் கெடுத்தேனா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். சொல்ல நாக்கு நுனியில் எத்தனையோ இருந்தன. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், என் சாமானைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுண்டா என்று ஆரம்பித்தால் மத்தியானம் வரை போயிருக்கும். அவன் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"பாதி இருக்கு அண்ணி. பாதி இருந்தா போதும். ஆனா இனி கண்டபடி அடிக்க முடியாது. பால் எங்க இருக்கோ அங்க மட்டும் அடிக்கணும்."

"எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்? துடைச்சாச்சே."

"அதுக்கும் கண்காட்சியில ஒண்ணு இருக்கு!"

அலமாரியின் மேல் தட்டிலிருந்து அவன் எடுத்தது ஒரு ஊதா டார்ச். அண்ணி முன்பு அதைப் பார்த்து, "இருட்டுல இதை அடிச்சா இன்னும் இருட்டாயிடும்" என்று சிரித்திருக்கிறாள். இப்போதோ அவன் விரித்த பெரிய தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியையே மூடினார்கள். தம்பி, அண்ணி, டாக்ஸியக்கா மூவரும் அதற்குள் புகுந்து, கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு குந்தினார்கள்.

"மூச்சை இழுக்காதீங்க, கண்ணை மட்டும் திறங்க" என்று சொல்லித் தம்பி டார்ச்சை அழுத்தினான்.

"அம்மாடி!" என்றாள் டாக்ஸியக்கா.

கண்ணுக்கே தெரியாமல் ஒளிந்திருந்த பால் எல்லாம் வெளிர்மஞ்சளாய் மினுங்கியது. சீட்டின் மடிப்பில் ஒரு கோடு. அங்கிருந்து கீழே சீட்டை நகர்த்தும் இரும்புத் தண்டவாளத்தில் சொட்டுச் சொட்டாய். கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குளம். கதவின் அடிப்பக்கம் யாரோ விரலால் இழுத்துவிட்ட மாதிரி ஒரு தடம்.

"அதோ! அதோ அங்க ஒண்ணு!" என்று அண்ணி சின்னப் பிள்ளை மாதிரி கையை நீட்டினாள். "டேய், இந்தப் பக்கம் அடி! இது என்ன, பாலா?"

"அது மிட்டாய் அண்ணி."

"சரி, அதையும் எடுத்துடுவோம். தார்ப்பாயை எடுத்தா இதெல்லாம் மறைஞ்சிடுமே?"

"அதான் யோசிக்கறேன்."

தார்ப்பாய்க்கு வெளியிலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. அதில் ஒரு வெள்ளைச் சுண்ணக்கட்டி. "துணியில கோடு போடற கட்டிம்மா. தட்டினா போயிடும்" என்றது மாஸ்டரின் குரல். "உள்ள என்னதான் நடக்குது? சொல்லிட்டாச்சும் கத்துங்கம்மா!"

ஒவ்வொரு கறையையும் சுற்றி வட்டம் போட்டார்கள். தார்ப்பாயை நீக்கியபோது வண்டிக்குள் யாரோ நிலம் அளந்த மாதிரி இருந்தது. பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பச்சைத் தண்ணீர் விட்டு, சூடு பட்டுச் செத்த மருந்தையும் ஊறிய பாலையும் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சினார்கள். சீட்டின் தண்டவாளத்துக்குள் ஓவியம் தீட்டும் பிரஷ் அளவுக்கு இருந்த ஒரு மெல்லிய பிரஷ்ஷை விட்டுக் கடைந்தாள் அண்ணி. தம்பி வட்டங்களுக்குள் மட்டும், சொட்டு மருந்து விடும் கவனத்தோடு அடித்தான். ஈரத் துண்டால் மூடினான்.

"இனி காத்திருக்கணும்" என்றான்.

அண்ணி நீராவி மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதன் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி மாட்டிவிட்டாள். டாக்ஸியக்கா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க முள் வேகமாக நகருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. தம்பி அதைக் கவனித்தான். சும்மா உட்கார்ந்தால் அவள் உள்ளுக்குள் இடிந்து போவாள் என்று தோன்றியது.

"அக்கா, இங்க வாங்க. உங்க வண்டி பளபளன்னு இருக்கில்ல? கையை வெச்சுத் தடவுங்க."

அவள் முன்பக்கப் பானட்டைத் தடவினாள். "வழவழன்னுதான் இருக்கு."

ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை அவள் கையில் மாட்டினான். "இப்பத் தடவுங்க."

தடவினாள். கண் விரிந்தது. "என்னது, மணல் மாதிரி இருக்கு!"

"புழுதி, புகை, தார், எல்லாம் பெயின்ட்ல ஒட்டிக் கிடக்கு. கழுவினா போகாது. வெறும் கைக்கும் தெரியாது."

சோப்புத் தண்ணீரைத் தெளித்து, மாவுருண்டை போலிருந்த ஒரு களிமண் கட்டியைத் தட்டையாக்கி பானட்டில் தேய்த்தான். முதலில் சரசரவென்று சத்தம் வந்தது. போகப் போகச் சத்தம் குறைந்து, கட்டி தானாகவே வழுக்கத் தொடங்கியது. "இதான் அடையாளம். சத்தம் நின்னா சுத்தமாயிடுச்சு" என்று கட்டியைப் புரட்டிக் காட்டினான். அடிப்பக்கம் காப்பி நிறத்தில் அழுக்கு.

"கொண்டா இப்படி!" என்று அண்ணி அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். "இத்தனை நாளா இது எங்கடா இருந்துச்சு?"

"உங்க தலைக்கு நேர் மேல இருந்துச்சு."

"வாயைப் பாரு! வேற என்னல்லாம் வெச்சிருக்கே? எடு, எடு."

எடுத்தான். கதவைச் சுற்றி ஓடும் ரப்பரில் தடவ ஒரு பஞ்சு முனைக் குச்சி. தடவி முடித்ததும், ஒவ்வொரு முறையும் கிரீச்சென்று அழுத கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. டாக்ஸியக்கா நம்பாமல் நாலைந்து தரம் திறந்து மூடிப் பார்த்தாள். "தூங்கிட்டு வர்றவங்க இதுலதான் முழிச்சுக்குவாங்க" என்றாள். முன்கண்ணாடியில் ஏதோ ஒன்றைத் தேய்த்து, மேலே தண்ணீர் தெளித்ததும் துளிகள் உருண்டையாகி ஓடின. "வைப்பரே வேண்டாமே!" என்று மாஸ்டர் ரோட்டைத் தாண்டி வந்து பார்த்துவிட்டுப் போனார். கத்தரியைக் கையிலேயே பிடித்திருந்தார். தைக்க வேண்டிய சட்டை எதிர்க்கடையில் காத்துக்கிடந்தது.

கொஞ்ச நேரத்துக்கு வாடையை எல்லாரும் மறந்துபோனார்கள். முதலில் ஞாபகம் வந்தது அண்ணிக்கு. "துண்டை எடுக்கலாமா?"

எடுத்தார்கள். உறிஞ்சினார்கள். புளோயரில் சூடில்லாத காற்றை ஊதிக் காயவைத்தார்கள். கதவுகளை மூடி, கண்ணாடியை ஏற்றி, உள்ளே காற்று அடங்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். பிறகு தம்பி ரோட்டைப் பார்த்து, "மாஸ்டர்! மூக்கு வேணும்!" என்று குரல் கொடுத்தான்.

அது அந்தக் கடையின் வழக்கம். வாடை போயிற்றா என்பதை உள்ளே வேலை செய்தவர்கள் சொல்லக் கூடாது. அவர்களுடைய மூக்கு அந்த வாடையோடு பழகிச் சமாதானமாகிவிட்டிருக்கும். நாள் முழுக்கத் துணி வாசனையில் இருக்கும் மாஸ்டரின் மூக்குதான் தீர்ப்புச் சொல்லும். அவருக்கு முகஸ்துதி தெரியாது என்பது கூடுதல் தகுதி.

மாஸ்டர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணை மூடினார். இழுத்தார். தலையை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்த்தார். தரைவரை குனிந்து இழுத்தார்.

"என்ன மாஸ்டர், ஏதாவது சொல்லுங்க!" என்றாள் அண்ணி.

"இரும்மா. நகை வாங்கறப்போ அவசரப்படுவியா?" இன்னொரு தரம் இழுத்தார். "போயிடுச்சு. சத்தியமா போயிடுச்சு!"

அண்ணி இரண்டு கையையும் குவித்து மேலே பார்த்தாள். தம்பி ஒரு துள்ளல் துள்ளினான். டாக்ஸியக்காவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. திறந்த கதவு வழியாகக் குனிந்து, சீட் பெல்ட்டை இழுத்து, மாஸ்டரின் மார்புக்குக் குறுக்கே மாட்டிவிட்டாள்.

"எங்கயும் போகலையேம்மா நாம?"

"பழக்கம் மாஸ்டர். ஊசி குத்தின கையோட அவங்களால இழுக்க முடியாது. பின்னாடி யார் உக்காந்தாலும் என் கை தானாப் போயிடும்."

மாஸ்டரின் முகம் மாறியது. மூக்கு சுருங்கியது.

"தங்கச்சி."

"என்ன?"

"வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"பால்! இப்பத்தான் வந்துச்சு. நேரா மூக்குக்குக் கீழ!"

தம்பி தன் நெற்றியில் தானே ஓங்கி அடித்துக்கொண்டான். "பெல்ட்டு! அக்கா, பால் கொட்டினப்போ பெல்ட்டு எங்க இருந்துச்சு?"

"சீட்டு மேலதான்... பை உருளக் கூடாதுன்னு அதைச் சுத்தித்தான் மாட்டியிருந்தேன். அப்படியும் உருண்டுடுச்சு. அப்புறம் கழட்டிவிட்டேன்."

"கழட்டினதும் அது தானாச் சுருண்டு உள்ள போயிடுச்சு. பாலில நனைஞ்சபடியே!"

பெல்ட்டை இழுத்தான். இழுக்க இழுக்க வந்தது. வழக்கமாக யாரும் இழுக்காத நீளத்துக்கு இழுத்து, அண்ணி விரித்த துண்டின் நிழலில் டார்ச்சை அடித்தான். உள்ளே சுருண்டிருந்த பகுதி முழுவதும் மஞ்சளாய் மினுங்கியது. டாக்ஸியக்கா வாயில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொருவருக்கும் அன்பாகக் குனிந்து அவளே இழுத்து மாட்டியது அந்தப் பெல்ட்டைத்தான். ஒரு வாரமாக அந்த வாடையை அவர்கள் நெஞ்சின் மேலேயே கட்டிவிட்டிருக்கிறாள்.

"அதை விடுங்கக்கா" என்று அவள் நினைப்பைப் படித்தவள் போல அண்ணி சொன்னாள். "நீங்க மாட்டிவிட்டதாலதான் இப்பக் கண்டுபிடிச்சோம். இல்லன்னா சிஸ்டர் கண்டுபிடிச்சிருப்பாங்க. தம்பி, மருந்து?"

பாட்டிலைக் கவிழ்த்தால் அடியில் ஒரு கீற்று. தம்பி மூடியைக் கழற்றி, கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விட்டுக் குலுக்கினான். பெல்ட் சுருண்டு ஓடிப்போகாமல் பிடிக்க வேண்டுமே என்று அவன் சுற்றுமுற்றும் பார்க்குமுன், மாஸ்டர் தன் கடையிலிருந்து கனத்த துணி கிளிப்புகளோடு ஓடிவந்தார். பெல்ட்டின் மேல்முனையில் இரண்டு போட்டு இறுக்கினார்கள். அடியில் துண்டு விரித்து, முன்னும் பின்னும் மருந்தை அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் நெசவின் போக்கிலேயே அண்ணி தேய்த்தாள். பிறகு ஈரத் துணியில் சுற்றி வைத்தார்கள்.

"எவ்வளவு நேரம்?" என்றாள் டாக்ஸியக்கா.

"எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு."

அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை. அண்ணி கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். அவள் கேட்டது பெரிய வரம் இல்லை. அந்தப் பாட்டிலின் கடைசிச் சொட்டுகளுக்கு நல்ல பசியைக் கொடு என்றுதான் கேட்டாள்.

நான்கு அடிக்கக் கொஞ்சம் இருக்கும்போதே சிஸ்டர் வந்துவிட்டார். வெள்ளைச் சீருடைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், தோளில் கனத்த பை, முகத்தில் நெடுநேரம் நின்று வேலை பார்த்தவர்களின் சோர்வு.

"சீக்கிரம் விட்டுட்டாங்க. பார்த்துட்டுப் போயிடறேன்" என்றார். டாக்ஸியக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"உக்காருங்க சிஸ்டர்" என்று அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உள்ளதைச் சொல்லிடறேன். அவங்க காலையிலேயே வந்துட்டாங்க. நான்தான் நடுவுல சூடு காட்டி மருந்தைப் பாழாக்கினேன். அதனாலதான் தாமதம். பெல்ட்டு இன்னும் ஈரம். கொஞ்சம் பொறுத்துக்கணும். தப்பு என்னோடது, அவங்களோடது இல்ல."

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். தன் தவறை இவ்வளவு சுருக்கமாகச் சொல்கிற ஆட்களை அவர் அதிகம் பார்த்திருக்க முடியாது. "பெல்ட்டா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். காலணியிலிருந்து குதிகாலை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

தம்பி ஈரத் துணியைப் பிரித்தான். சுத்தமான தண்ணீரில் துடைத்து, தடித்த துண்டால் பெல்ட்டை இறுக்கி முறுக்கப் போனான்.

"முறுக்காதப்பா!" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "துண்டுக்கு நடுவுல வெச்சு ஒத்தி எடு. அப்பத்தான் ஈரம் துண்டுக்கு வரும். ம், அப்படித்தான். இன்னும் அழுத்து."

"சரி சிஸ்டர்!" என்றான். ஒரு முனையை டாக்ஸியக்காவும் மறுமுனையை மாஸ்டரும் பிடித்தார்கள். அண்ணி புளோயரால் காற்றை ஊதினாள். துண்டு மாற்றித் துண்டு வந்தது. கடைசித் துண்டில் ஈரம் ஒட்டவில்லை. தம்பி கிளிப்புகளைக் கழற்றினான். பெல்ட் சர்ரென்று உள்ளே ஓடியது.

"ஏறட்டுமா?" என்று சிஸ்டர் எழுந்தார்.

பின்சீட்டில் உட்கார்ந்தார். டாக்ஸியக்காவின் கை தானாகப் போயிற்று; குனிந்து, இழுத்து, மாட்டினாள். இரண்டாவது தடவைதான் கொக்கி விழுந்தது. கண்ணாடிகளை ஏற்றினாள். கதவைச் சாத்தினாள். கதவு சத்தமே போடவில்லை.

நால்வரும் வெளியே நின்றார்கள்.

"மூக்கைச் சுளிக்கறாங்களா?" என்று தம்பி கிசுகிசுத்தான். அவனால் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்து நின்றான்.

"தெரியல. கண்ணாடியில உன் முதுகுதான் தெரியுது, நகரு" என்றார் மாஸ்டர்.

"பேசாம இருங்க ரெண்டு பேரும்" என்றாள் அண்ணி. ஆனால் அவளும் எட்டிப் பார்த்தாள்.

நேரம் போயிற்று. கதவு திறக்கவில்லை. இன்னும் நேரம் போயிற்று.

"இவ்வளவு நேரமா மோந்து பார்ப்பாங்க?" என்று டாக்ஸியக்காவுக்கு அழுகை வந்தது. "எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கறாங்க. எனக்குத் தெரியும். நல்லவங்க இல்லையா, அதான் யோசிக்கறாங்க."

மாஸ்டர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி, கையைக் குடை போலப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். திரும்பியபோது அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி, தீர்ப்பு வந்தாச்சு."

"என்ன?"

"வந்து பாரு."

சிஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கன்னம் அந்தப் பெல்ட்டின் மேலேயே பதிந்திருந்தது. கை மடியில் மலர்ந்து கிடந்தது. ஊரார் உடம்பை நாளெல்லாம் கவனித்த அந்த முகத்தில் குழந்தைக்கு வருகிற தூக்கம் வந்திருந்தது.

டாக்ஸியக்கா அண்ணியின் கையைப் பிடித்தாள். இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள், அழுதார்கள். தம்பி கத்தப் போனான். மாஸ்டர் அவன் வாயைப் பொத்தினார். அண்ணி ஓடிப்போய்ச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினாள். வாசலில் ஹாரன் அடிக்கப்போன ஒரு வண்டிக்காரரைக் கையைக் கூப்பித் தடுத்தாள்.

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் தானாகவே அசைந்தார். கண்ணைத் திறக்காமலே, தூக்கக் குரலில் கேட்டார்:

"ஏம்மா, இன்னுமா வண்டியை எடுக்கல?"

டாக்ஸியக்கா கதவைத் திறந்து குனிந்தாள். "சிஸ்டர்... வாடை?"

"என்ன வாடை?" என்றார் சிஸ்டர். அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். தகரக் கூரை, தண்ணீர் வாளி, வரிசையாக நின்று தன்னையே பார்க்கும் நாலு முகங்கள் எல்லாவற்றையும் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம், எதற்காக ஏறினோம் என்பது மெல்ல மெல்ல நினைவுக்கு வந்தது. பெல்ட்டைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய், கடமைக்காக ஒரு தரம் மோந்து பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்குக் காலையில வாத்தியாரை மறக்காமக் கூட்டிட்டு வந்துடு. இப்ப என்னை வீட்டுல விடு. இறங்கி நடக்க எனக்குத் தெம்பில்ல."

டாக்ஸியக்கா சாவியைத் தேடி ஓடினாள். சாவி அவள் கையிலேயே இருந்தது.